அளவுப் பொம்மை

மகள் விஷயம் தெருவில் எல்லோருக்கும் தெரிந்து முடிந்த பிறகுதான் தையல்காரிக்குத் தெரிந்தது. இத்தனைக்கும் அக்கம்பக்கத்துச் சமாச்சாரத்தில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. எந்த வீட்டில் கல்யாணப் பேச்சு முறிந்தது, எந்த மாப்பிள்ளை திடீரென்று இளைத்தான், இடுப்பைத் தளர்த்தித் தரச் சொல்லி வந்தவள் ஏன் மூக்கைச் சிந்திக்கொண்டே நின்றாள், எல்லாம் அவள் கழுத்தில் தொங்கும் நாடாவுக்குத் தெரியும். சொந்த வீட்டுக்கு மட்டும் அந்த நாடா எட்டவில்லை.

பெரிய பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளில் பாதிப் பேர் போட்டிருக்கும் சீருடை அவள் தைத்ததுதான். வெள்ளைச் சட்டை, சாம்பல் ஸ்கர்ட், நீலத் தொப்பி. முன்னறைதான் பட்டறை. ஒரு மெஷின், ஒரு வெட்டு மேஜை, காலில் மிதிபடும் நூல் குப்பை, ஜன்னலோரத்தில் அளவுப் பொம்மை. தலையும் கையும் இல்லாத பஞ்சு உடம்பு, ஒற்றை இரும்புக் கால். தோளிலும் மார்பிலும் இடுப்பிலும் சின்னச் சின்னத் திருகுகள்; ஒரு பக்கம் திருகினால் பெருக்கும், மறுபக்கம் திருகினால் சுருங்கும். தையல்காரி அதைத் தன் மகளின் அளவுக்கு நிறுத்தி வைத்திருந்தாள். மகள் வகுப்புப் பிள்ளைகளுக்கெல்லாம் அதுதான் மாதிரி. வேலை முடிந்ததும் தூசி படியாமல் மேலேயிருந்து தரை வரைக்கும் ஒரு வெள்ளைத் துணியைப் போட்டு மூடிவிடுவாள். துணி வாங்க வருகிறவர்கள் ஒரு தடவையாவது அதைப் பார்த்துத் திடுக்கிடுவார்கள். தையல்காரிக்கு அதில் ஒரு அற்ப சந்தோஷம்.

மகளைத் தெருவே துணுக்கு என்றுதான் கூப்பிட்டது. வெட்டி மிஞ்சிய துணியில் தைத்த உடுப்புகளிலேயே வளர்ந்தவள். வாய்ப்பேச்சில் கெட்டிக்காரி. கண்ணை மூடிக்கொண்டு ஒரு பொத்தானைத் தடவி, இது எந்தச் சட்டையிலிருந்து விழுந்தது என்று சொல்லிவிடுவாள். ஆனால் புத்தகத்தைத் திறந்தால் போதும், எழுத்தெல்லாம் அவளைக் கண்டதும் இடம் மாறி உட்கார்ந்துகொள்ளும். நேற்று தெரிந்த வார்த்தை இன்று யாரோ எவரோ போல முறைக்கும். வகுப்பில் பெஞ்ச் வரிசைப்படி ஒவ்வொருவராக எழுந்து வாசிக்க வேண்டும். துணுக்கு வரிசையை விரல் விட்டு எண்ணி, தனக்கு எந்தப் பத்தி வரும் என்று கண்டுபிடித்து, அதையே வெறித்துக்கொண்டிருப்பாள். யாராவது ஒரு பிள்ளை லீவு போட்டிருந்தால் கணக்கு கெட்டது. அவள் முறை வருவதற்குள் உள்ளங்கை வியர்த்துப் பக்கம் நனைந்திருக்கும்.

விடுமுறை முடிகிற அன்று மாலையே ஆரம்பித்துவிடும். நகத்தைக் கடிப்பாள். "நாளைக்கு வாசிக்கச் சொல்வாங்களா?" என்று கேட்பாள். பதில் சொன்ன பிறகும் அதையே கேட்பாள். காலையில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டுவிடுவாள். வேன் ஹாரன் தெருமுனையில் கேட்டதும், குடித்த பால் அப்படியே வெளியே வரும்.

கிளாஸ் டீச்சர் ஒரு நாள் தையல்காரியைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். இது சோம்பேறித்தனம் இல்லை, சில பிள்ளைகளுக்கு வாசிப்பு இப்படித்தான் இடிக்கும், அதற்கென்றே ஒரு டீச்சர் வருகிறார், கடைசி அறையில் உட்கார்கிறார், ஒரு பரிசோதனை செய்து பார்த்துவிடலாம், நீங்கள் சரி என்றால் போதும் என்றார். தையல்காரி யோசித்துச் சொல்கிறேன் என்று வந்தவள்தான். யோசிக்கவும் இல்லை, சொல்லவும் இல்லை.

காரணம் இல்லாமல் இல்லை. அதே கடைசி அறைக்குப் பேக்கரிக்காரர் மகன் போகத் தொடங்கியபோது, "அந்தப் பையனுக்கு ஏதோ குறையாம், வெளிய சொல்லாதீங்க" என்று வீடு வீடாகப் போய்ச் சொன்னதே இந்தப் புண்ணியவதிதான். ஒரு பேச்சு எந்த வாசலில் ஏறி எந்த வாசலில் இறங்கும் என்று அவளைவிட நன்றாக யாருக்குத் தெரியும்? அதே பேச்சு தன் வாசலில் வந்து உட்காருவதை அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. கணவர் லிஃப்ட் மெக்கானிக். நாள் முழுக்க யாராவது எங்காவது நடுவில் மாட்டிக்கொண்டு அவரைக் கூப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். அவரிடம் டீச்சர் சொன்னதைச் சொல்லவே இல்லை. "பயந்தாங்கொள்ளி, வேற ஒண்ணுமில்ல" என்று முடித்துவிட்டாள்.

பிறகு அந்தக் காலை வந்தது. மகள் வகுப்புக்கு ஒரு புது மாதிரி ஸ்கர்ட் தைக்க வேண்டியிருந்தது. பொம்மையைவிட மகள் இடுப்பில் வைத்துப் பார்ப்பது சுலபம் என்று துணுக்கை ஸ்டூலில் ஏற்றி நிறுத்தியிருந்தாள். வாயில் குண்டூசிகள். துணுக்கு வயிறு வலிக்கிறது என்று நெளிந்தாள். நெளிந்ததில் ஊசி ஒன்று இடுப்பில் சுருக்கென்று ஏறியது. துணுக்கு அலறினாள்.

தையல்காரி வாயிலிருந்த ஊசிகளைக் கையில் எடுத்துக்கொண்டு சலித்துக்கொண்டாள். "எத்தனை தடவை சொல்றது? ஊசி உன்னைத் தேடி வரல. நீ அசைஞ்சாத்தான் குத்தும். பொம்மையைப் பாரு, என்னைக்காவது கத்தியிருக்கா?"

"அதுக்கு வயிறு வலிக்காதாம்மா?"

"வயிறு இருந்தாத்தானே? உள்ள எல்லாம் பஞ்சு." தையல்காரிக்கே தன் பேச்சில் ஒரு சாமர்த்தியம் தெரிந்தது. அதோடு விடாமல் சேர்த்துச் சொன்னாள். "கிளாஸ்லயும் அதேதான் கண்ணு. நீ நெளியுறதைப் பார்த்துத்தான் டீச்சர் உன்னை எழுப்புறாங்க. ஆடாம அசையாம பொம்மை மாதிரி இரு. அவங்க கண்ணு தாண்டிப் போயிடும்."

துணுக்கு பொம்மையைத் திரும்பிப் பார்த்தாள். நல்ல புத்திமதி கேட்ட பிள்ளைபோலத் தலையாட்டினாள். அன்று பாலை வாந்தி எடுக்கவில்லை.

அதன்பிறகு ஒரு காலையும் வாந்தி இல்லை, வலி இல்லை. 'வாசிக்கச் சொல்வாங்களா' என்ற கேள்வியும் நின்றுபோனது. பெற்றோர் கூட்டத்தில் கிளாஸ் டீச்சரே, "இப்பெல்லாம் ஒரு தொந்தரவும் இல்ல. இருக்கிற இடமே தெரியல" என்றார். அதைத் தையல்காரி மெடல் போலக் குத்திக்கொண்டு தெரு முழுக்க நடந்தாள். தன் வைத்தியம் பலித்த கதையை, பரிசோதனைப் பேச்சை மட்டும் கவனமாகக் கத்தரித்துவிட்டு, துணி கொடுக்க வந்தவர்களிடமெல்லாம் சொன்னாள்.

முதலில் உறுத்தியது அப்பாவுக்குத்தான். பிள்ளை சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்தால் யாராவது சொல்லும்வரை கையை எடுப்பதில்லை என்றார். ஈ முகத்தில் உட்கார்ந்தாலும் ஓட்டுவதில்லை என்றார். "கரண்ட் போன லிஃப்ட் மாதிரி நிக்கிறா" என்று சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. அடக்கமாக இருந்தாலும் குறை, ஆடினாலும் குறையா என்று தையல்காரி அவர் வாயை அடைத்தாள்.

அடுத்தது எதிர்வீட்டு மாடி அக்கா. இந்த அக்காவின் ஜன்னல் சரியாகத் தையல்காரியின் ஜன்னலைப் பார்த்திருந்தது. அக்காவும் அதையேதான் பார்த்துக்கொண்டிருப்பாள். ஒரு மாலை, "உன் பொண்ணு ஏன் ஜன்னல்கிட்ட அப்படி நிக்கிறா? கூப்பிட்டா திரும்ப மாட்டேங்குறா" என்று கேட்டாள். அது பொம்மைதான் அக்கா, உங்களுக்குக் கண்ணாடி மாற்றணும் என்று தையல்காரி சிரித்தாள். அக்கா சிரிக்கவில்லை. "பொம்மை ஒண்ணுதானே இருக்கு? நான் பார்த்தப்ப ரெண்டு நின்னுச்சு" என்று சொல்லிவிட்டுக் காய்ந்த துணியை எடுக்கப் போய்விட்டாள்.

அதிலிருந்து தையல்காரியும் கவனித்தாள். விளக்குப் போடும் நேரத்தில் முன்னறைக்குள் போனால், துணுக்கு பொம்மைக்குப் பக்கத்தில், அதே திசையைப் பார்த்து, அதே மாதிரித் தோளை நிமிர்த்தி நின்றுகொண்டிருப்பாள். கூப்பிட்டால் உடனே வருவாள். என்ன செய்கிறாய் என்றால், "பழகுறேன்" என்பாள். ஸ்விட்சைத் தட்டும் அந்த நொடியில் எது எது என்று தையல்காரிக்கே ஒரு குழப்பம் வந்து போகும். வெளியே சொல்ல முடியுமா?

தைத்துக் கொடுத்த சட்டைகள் திரும்பி வந்தது அந்தச் சமயத்தில்தான். தோள் தொங்குகிறது, இடுப்பு நழுவுகிறது என்று ஆளாளுக்குப் புகார். இத்தனை வருஷத்தில் நடக்காத அவமானம். நாடாவை எடுத்துப் பொம்மையை அளந்தாள். பொம்மை வளர்ந்திருந்தது. மகளைக் கூப்பிட்டு அளந்தாள். மகள் அப்படியே இருந்தாள். ஒருமுறைக்கு இருமுறை அளந்தும் அதேதான்.

"திருகை யாருடி தொட்டது?"

"நான்தாம்மா." மறைக்கவே இல்லை. "எல்லாரும் வளர்றாங்கல்ல? அது மட்டும் வளராம இருந்தா டீச்சர் கண்டுபிடிச்சிடுவாங்க."

எந்த டீச்சர், எதைக் கண்டுபிடிப்பார் என்று கேட்டிருக்க வேண்டும். தையல்காரிக்குத் திரும்பி வந்த சட்டைகள்தான் கண்ணுக்குத் தெரிந்தன. முதுகில் ஒன்று வைத்துவிட்டு, திருகுகளை வைத்த இடத்துக்குக் கொண்டுவந்தாள். அடி விழுந்தபோது துணுக்கு கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. அது ஏதோ மேஜையைத் தட்டியது போலிருந்தது. கை வலித்தது தையல்காரிக்குத்தான்.

அந்த வாரம் பள்ளியில் தலைமையாசிரியர் முன்னால் வாசிக்கும் நாள் ஒன்று வந்தது. ஒவ்வொரு பிள்ளையும் மேடையில் ஏறி ஒரு பக்கம் வாசிக்க வேண்டும். துணுக்கு அதைப் பற்றி வீட்டில் மூச்சு விடவில்லை. மாடி அக்காவின் பேத்தி சொல்லித்தான் தெரிந்தது. போகிறாயா என்று கேட்டதற்கு, "போகும்மா" என்றாள். 'போவேன்' என்று சொல்லாததைத் தையல்காரி அப்போது காதில் வாங்கவில்லை.

அன்று காலை லிஃப்ட் மெக்கானிக்கை எங்கோ மாட்டிக்கொண்டவர்கள் சீக்கிரமே கூப்பிட்டுவிட்டார்கள். தையல்காரிக்கும் பொத்தானும் லைனிங் துணியும் வாங்கப் போக வேண்டியிருந்தது. வேன் வந்ததும் ஏறிக்கொள் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள். திரும்பியது சந்து வழியாக, பின்வாசலில். கையில் மூட்டை; வெயில் ஏறியிருந்தது. வீடு அமைதியாக இருந்தது. பிள்ளை போய்விட்டாள், வாந்தியும் இல்லை என்று திருப்தியோடு முன்னறைக்கு வந்தாள்.

திருத்த வேண்டிய சட்டைகளில் ஒன்றைப் பொம்மைக்கு முந்தின நாளே போட்டுவிட்டிருந்தாள். வாயில் ஊசிகளைக் கவ்விக்கொண்டு போர்வைத் துணியை இடுப்பருகில் மட்டும் ஒரு பக்கமாக விலக்கினாள். மேலே முழுசாக எடுக்கவில்லை, இடுப்பில்தானே வேலை. பொம்மை கொஞ்சம் உயரமாகத் தெரிந்தது. தொப்பியை யாராவது மேலே வைத்திருப்பார்கள் என்று நினைத்தாள். சட்டையைச் சேர்த்துப் பிடித்து இரண்டு ஊசி ஏற்றும்போது சூடாக இருந்தது. ஜன்னல் வெயில் என்று நினைத்தாள். வேலையில் முங்கியவளுக்கு எதற்கும் ஒரு காரணம் கையோடு இருக்கும்.

வெளியே மாடி அக்காவின் குரல் கேட்டது. "ஏம்மா துணுக்கு, வேன் போயி எவ்வளவு நேரமாச்சு? அந்த டிரைவர் அடிச்சு அடிச்சு ஹாரனே தேஞ்சிருக்கும். ஏறவும் இல்ல, உள்ள போகவும் இல்ல. வெயில்ல நின்னு என்ன பண்றே?"

தையல்காரி ஜன்னல் வழியாகப் பார்த்தாள். கேட்டை ஒட்டி மகள் நின்றுகொண்டிருந்தாள். நீலத் தொப்பி, தொப்பிக்குக் கீழே ரிப்பன் கட்டிய இரட்டைச் சடை, முதுகில் பை. அசையாமல், தெருவைப் பார்த்தபடி. அட, வேனை விட்டுவிட்டாளே என்று எரிச்சல் வந்தது. இருக்கட்டும், இதை முடித்துவிட்டு வைத்துக்கொள்கிறேன் என்று, கண்ணை வெளியே வைத்தபடியே, கையிலிருந்த ஊசியைச் சட்டை மடிப்பில் அழுத்தினாள். அது பஞ்சில் இறங்குவதுபோல இறங்கவில்லை. இன்னும் கொஞ்சம் அழுத்தினாள்.

வெள்ளைச் சட்டையில் ஒரு சிவப்புப் புள்ளி தெரிந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே பொத்தான் அளவுக்குப் பெரிதானது.

தையல்காரி வெளியே பார்த்தாள். மகள் கேட்டருகில் நின்றாள். உள்ளே பார்த்தாள். போர்வைக்குள்ளே மூச்சு போய் வந்தது, மிக மெல்ல, யாருக்கும் தெரியாமல் திருடுகிற மாதிரி. கேட்டருகில் காற்று அடித்து, மகளின் சட்டைக் கை ஒன்று ஆடியது. அதன் நுனியிலிருந்து விரலுக்குப் பதிலாக வெட்டுத் துணிப் பிசிறு தொங்கியது.

போர்வையை இழுத்தாள்.

துணுக்கு கண்ணைத் திறந்தபடி நின்றிருந்தாள். இமைக்கவில்லை. இடுப்பில் குத்திய ஊசி அப்படியே இருந்தது. அதற்குப் பக்கத்தில் இன்னும் இரண்டு, தையல்காரி முன்பே ஏற்றியவை, தோலை உரசிக்கொண்டு.

"நான் அசையலம்மா," என்றாள். பெருமைதான் அந்தக் குரலில். "வலிக்கவே இல்ல. அது போயிடுச்சு, அது வாசிக்கும். டீச்சருக்குத் தெரியாது."

தையல்காரிக்கு வாய் நிறைய ஊசி. கத்த முடியவில்லை. உள்ளங்கையில் துப்பினாள். பிள்ளை இடுப்பிலிருந்தவற்றை ஒவ்வொன்றாக உருவினாள். ஒன்றுக்கும் துணுக்கு முகம் சுளிக்கவில்லை. கன்னத்தைத் தட்டினாள், தோளை உலுக்கினாள். தோள் உலுக்கிய பக்கம் போய்விட்டுத் திரும்பி வந்து நிமிர்ந்து நின்றது.

"அசை. கண்ணு, அசைடி."

துணுக்கு கண்ணை மட்டும் மெல்ல உருட்டினாள். "நிஜமா அசையச் சொல்றியா, இல்ல அசையுறேனான்னு பார்க்கிறியாம்மா?"

ஆயிரம் சொன்னவள், தெருவுக்கே புத்திமதி சொன்னவள் தையல்காரி. கையிலிருந்த ஊசியில் ஒன்றை எடுத்துத் தன் உள்ளங்கையில் நறுக்கென்று குத்திக்கொண்டாள். பிறகு வாயைத் திறந்து அலறினாள். வெட்கமில்லாமல், அடிவயிற்றிலிருந்து. மாடி அக்கா கையிலிருந்த துணியைக் கீழே தெருவில் போட்டுவிட்டாள் என்று பிறகு சொன்னார்கள்.

"குத்தினா இப்படித்தான் கத்தணும்," என்றாள் தையல்காரி. "நான் சொன்னது தப்பு. பொம்மைக்குத்தான் கத்தத் தெரியாது. நீ கத்து."

துணுக்கு அம்மாவின் கையில் இரத்தத்தைப் பார்த்தாள். வாயைத் திறந்தாள். முதலில் ஒன்றும் வரவில்லை. ரொம்ப நாள் ஓடாத மெஷினை மிதித்தால் வருமே ஒரு கிறீச், அதுபோல ஒன்று வந்தது. பிறகு அது நீண்டது. பிறகு நிற்கவே இல்லை. இடுப்பைப் பிடித்துக்கொண்டு, காலை உதைத்துக்கொண்டு, இத்தனை நாள் சேர்த்துவைத்ததையெல்லாம் சேர்த்துக் கத்தினாள். தெருவே வாசலுக்கு வந்து நின்றது.

கொஞ்ச நேரம் கழித்து இருவரும் கிளம்பினார்கள். துணுக்கு வேறு சட்டை போட்டிருந்தாள், முகம் வீங்கியிருந்தது. கேட்டருகில் நின்று, பொம்மையின் முதுகிலிருந்த பையைக் கழற்றிக்கொண்டாள். தொப்பிக்குள் துணிப்பந்தைத் திணித்துத் தலையும், கறுப்பு நூலைப் பின்னிச் சடையும் செய்திருந்தாள். அதன் முகமில்லாத முகத்தைப் பார்த்து, "நீ போக வேணாம்" என்றாள். கொஞ்சம் தயங்கிப் பிறகுதான் அம்மாவின் கையைப் பிடித்தாள். பின்னால் திரும்பிப் பார்க்கத் தையல்காரிக்குத் தைரியம் வரவில்லை.

பள்ளி அலுவலக வராந்தாவில் வாசிப்பு நாளைப் பார்க்க வந்த அம்மாக்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். பாதிப் பேர் அவளுடைய வாடிக்கைக்காரர்கள். பேக்கரிக்காரர் மனைவியும் இருந்தாள். கிளாஸ் டீச்சர் வெளியே வந்து, என்ன ஆயிற்று, இவ்வளவு நாள் நன்றாகத்தானே இருந்தாள், சத்தமே இல்லையே என்றார்.

"அதைச் சொல்லத்தான் வந்தேன் டீச்சர்," என்றாள் தையல்காரி. தாழ்ந்த குரலில் பேச அவளுக்குத் தெரியும். அன்று அப்படிப் பேசவில்லை. "நீங்க சொன்ன பரிசோதனை பண்ணிடுங்க. என் பொண்ணுக்கு வாசிக்க வரல. பயத்துல அவ வேற என்னவோ ஆயிக்கிட்டிருக்கா. அந்தக் கடைசி ரூம்ல இவளுக்கும் ஒரு இடம் வேணும்."

வராந்தாவில் விசிறிக்கொண்டிருந்த கைகளெல்லாம் நின்றன. பேக்கரிக்காரர் மனைவிதான் முதலில் வாயைத் திறந்தாள். "நல்ல ரூம்தான். என் பையன் அங்கதான் போறான். திடீர்னு எழுப்பி வாசிக்கச் சொல்ல மாட்டாங்க. நாளைக்கு எந்தப் பக்கம்னு முந்தின நாளே சொல்லிடுவாங்க." பிறகு, சட்டையில் இல்லாத நூலைத் தட்டிவிட்டுக்கொண்டு சொன்னாள். "ஏதோ குறையாம்னு யாரோ தெரு பூரா சொன்னாங்க. யாருன்னு மறந்துபோச்சு."

தையல்காரி தலையைக் குனிந்துகொண்டாள். அவள் கையைப் பிடித்திருந்த துணுக்கு நெளிந்தாள். ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறினாள். கிளாஸ் டீச்சர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அன்று மேடையேற வேண்டாம் என்றார்.

தெருவுக்குக் கொஞ்ச நாளைக்கு வேறு பேச்சே இல்லை. வேன் டிரைவர், தலையில்லாததைப் போய் ஏறு ஏறு என்று திட்டிய கதையைச் சொல்லும்போது முதலில் சிரிப்பார். முடிவில் சிரிக்க மாட்டார். கடைசி அறைக்குப் போகத் தொடங்கிய முதல் வாரத்தில் ஒரு காலை, துணுக்கு வயிற்றைப் பிடித்துக்கொண்டு பாலை அப்படியே வாந்தி எடுத்தாள். தையல்காரி தரையைத் துடைத்துக்கொண்டே சந்தோஷத்தில் அழுததை மாடி அக்கா தன் கண்ணால் பார்த்தாள். பைத்தியம் பிடித்துவிட்டது என்று அவள் சொன்னதை யாரும் மறுக்கவில்லை.

பொம்மை இன்னும் ஜன்னலோரத்தில்தான் நிற்கிறது. சீருடை தைப்பவளுக்கு அது இல்லாமல் ஆகாது. ஆனால் தையல்காரி இப்போதெல்லாம் போர்வையை முழுசாக எடுக்காமல் அதைத் தொடுவதில்லை. ஊசியை எடுத்துக்கொண்டதும், பொம்மையின் தோளில் உள்ளங்கையை வைத்துக் கொஞ்ச நேரம் நிற்பாள். பிறகு உள்பக்கம் திரும்பி, "துணுக்கு" என்று கூப்பிடுவாள்.

உள்ளேயிருந்து, "என்னம்மா, சும்மா சும்மா கூப்பிடுறே" என்று எரிச்சலான குரல் வந்தால்தான் குத்துவாள். குரல் வரத் தாமதமானால் ஊசி அவள் கையிலேயே நிற்கும்.